மலை ஏறுவதற்குள் மறந்துபோகும் சண்டைகளும், ஆண்டுகள் கழிந்தும் நிற்கும் மெதுவான படங்களும்

கேள்வி: கோத்தகிரியிலிருந்து

வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் வேலை பார்க்கிறேன். பச்சைக் கொழுந்து வரும்போது எடை போட்டு வாங்குவதும், இரவில் அது வாடும்வரை காத்திருந்து பதம் பார்ப்பதும் என் வேலை. அந்தக் காத்திருப்பில் படம் பார்ப்பது பல ஆண்டுப் பழக்கம். அதிரடிப் படமென்றால் விடுமுறை நாளில் கீழே இறங்கிப் போய்ப் பெரிய திரையில் பார்ப்பேன். பாட்டும் சண்டையும் இல்லாத மெதுவான படமென்றால் இரவில் கைபேசியில் பார்ப்பேன். இரண்டையும் எனக்குப் பிடிக்கும். ஒன்றைப் பிடித்தவருக்கு மற்றது பிடிக்கக் கூடாது என்று நண்பர்கள் பேசுவது எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை.

சென்ற மாதம் பெரும் பொருட்செலவில் எடுத்த ஓர் அதிரடிப் படத்தை மேட்டுப்பாளையத்தில் பார்த்தேன். அதன் பெயரைச் சொல்லி யாருடைய உழைப்பையும் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஏழு சண்டைகள் இருந்தன. கதாநாயகன் அறிமுகமான இடத்தில் அரங்கமே எழுந்து நின்றபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது, நானும் கைதட்டினேன். ஆனால் கடைசிப் பேருந்தில் ஏறி, வீட்டில் விழித்திருக்கும் மகனுக்கு எந்தச் சண்டையை முதலில் சொல்லலாம் என்று யோசித்தபோது, குஞ்சப்பனையைத் தாண்டுவதற்குள் ஒன்றுகூட முழுதாக நினைவில் இல்லை என்பது தெரிந்தது. எதிரிகள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள், கதவு எங்கே இருந்தது, கதாநாயகன் கையில் இருந்தது கத்தியா கம்பியா என்பதெல்லாம் கலங்கிப் போயிருந்தன. சிவப்பு வெளிச்சமும், மெதுவாகத் தெறித்த கண்ணாடித் துண்டுகளும், காதை அடைத்த இசையும்தான் மிஞ்சின. மகனுக்குப் பன்னிரண்டு வயது. “யாரு யாரை அடிச்சாங்கப்பா?” என்று அவன் கேட்டபோது என்னால் கதையாகச் சொல்ல முடியவில்லை.

அதே வீட்டில், 2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’யை அவனுடைய அம்மாவுக்கு ஒரு மணி நேரம் நான் சொன்னது நினைவிருக்கிறது. அதுவும் அதிரடிப் படம்தான். கடைசியில் லாரியின் மேல் பெரிய துப்பாக்கியே வருகிறது. ஆனால் கதை முழுவதும் ஒரே இரவில் நடக்கிறது, பாட்டு இல்லை, மயங்கிக் கிடக்கும் காவலர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போகிறது, ஓட்டுபவன் பத்தாண்டுச் சிறைக்குப் பிறகு பெற்ற மகளை முதன்முதலாகப் பார்க்கப் போக வேண்டியவன். சண்டைக்கு முன்னால் அவன் பிரியாணியை அள்ளி அள்ளித் தின்னும் காட்சியில் அடிதடியே கிடையாது. ஆயினும் அந்தப் படத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பசியைப் பார்த்த பிறகு அவன் ஒருவனை அடித்தால் அந்த அடி நம்பும்படி விழுகிறது.

இன்னொரு புறம், பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’. 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்ற படம். வெயிலில் ஓர் அப்பனும் மகனும் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. ஒன்றேகால் மணி நேரம் ஓடும் அந்தப் படத்தில் பையன் வாயில் அடக்கிக்கொள்ளும் சிறு கல் இன்றைக்கும் என் நாக்கில் உறுத்துகிறது.

என் கேள்வி இதுதான். சண்டைக் காட்சிகள் மறந்துபோவதற்கு அவற்றின் ஆடம்பரம் காரணமா, அவற்றை எடுக்கும் முறை காரணமா? ஆடம்பரமே காரணம் என்றால் ‘கைதி’ ஏன் நிற்கிறது? மெதுவாக எடுத்தாலே மனத்தில் நின்றுவிடும் என்றால், நான் பாதியில் நிறுத்திய மெதுவான படங்களும் பத்துக்கு மேல் இருக்கின்றனவே? மலையில் இருக்கும் ரசிகர்கள், குறிப்பாக இரண்டு வகையையும் பார்ப்பவர்கள், தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: குன்னூரை அடுத்த வெலிங்டனிலிருந்து

உங்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். மறந்துபோன அந்தச் சண்டையை அடுத்த முறை ஒலியை முழுவதும் குறைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரைக்கும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வாருங்கள். பல படங்களில் ‘ஒன்று’ என்று சொல்லி முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். ஓங்கிய கை ஒரு துண்டில், விழுந்த ஆள் இன்னொரு துண்டில், நடுவில் அடி எங்கேயும் இல்லை. அந்த அடியை இசைதான் போடுகிறது. கண் பார்க்காததை மனம் எப்படி வைத்துக்கொள்ளும்? நல்ல சண்டையில் ஓங்கிய கையும் விழுந்த ஆளும் ஒரே சட்டகத்தில் இருப்பார்கள்.

பதில்: கிளன்மார்கனிலிருந்து

நண்பர் கேட்ட கேள்விக்கு என் வீட்டிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

என் தந்தை மின்வாரியத்தில் பணிபுரிந்தவர். இங்கே கிளன்மார்கன் மேட்டிலிருந்து கீழே சிங்காரா மின்நிலையத்துக்குப் பணியாளர்களை இறக்கவும் ஏற்றவும் கம்பிவடத்தில் ஓடும் விஞ்ச் உண்டு. செங்குத்தான சரிவில் தண்டவாளம் போட்டு, மேலேயிருந்து இரும்பு வடத்தால் பெட்டியை இறக்குவார்கள். 1932-இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்தோடு இந்த மலையின் கதை பின்னிக் கிடக்கிறது. தந்தை அந்த விஞ்சில் பல ஆண்டுகள் இருந்தார். மணி எத்தனை முறை அடித்தால் இறக்குவது, எத்தனை முறை அடித்தால் நிறுத்துவது என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

1978-இல் வெளிவந்த ‘முள்ளும் மலரும்’ படத்தின் நாயகன் காளியும் ஒரு மின்திட்டப் பகுதியில் விஞ்ச் இயக்குபவன். மகேந்திரன் இயக்கிய முதல் படம். பாலு மகேந்திரா ஒளிப்பதிவு செய்த முதல் தமிழ்ப் படமும் அதுதான். அந்தப் படத்தை என் தந்தை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. ரஜினிகாந்தின் திமிரும் வேகமும் அதில் நிறையவே இருக்கின்றன. மேலதிகாரியிடம் காளி மோதும்போது அரங்கத்தில் கைதட்டல் எழுந்ததாகத் தந்தை சொல்வார். ஆனால் அதே காளி குடித்துவிட்டுச் சாலையில் கிடந்து, லாரி ஏறி ஒரு கையை இழக்கிறான். அதன் பிறகு தங்கை அவனைப் பார்க்கும் காட்சியில் வசனத்துக்கு வேலையே இல்லை. கைதட்டியவர்கள் அனைவரும் அந்த இடத்தில் பேச்சற்றுப் போனார்கள் என்று தந்தை சொல்லும்போது, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

தந்தைக்கு அந்தக் கை ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு வளர்ந்த பிறகே புரிந்தது. விஞ்ச் இயக்குபவனுக்குக் கைதான் பிழைப்பு. பிரேக்கில் இருக்கும் கை ஒரு நொடி நழுவினால் சரிவில் இருக்கும் பெட்டியின் கதி என்னவாகும் என்று தெரிந்தவர் அவர். ஆகவே காளியின் கை போனபோது அவனுடைய திமிருக்கு அடியில் இருந்த அடித்தளமே போய்விட்டது என்று அவர் உணர்ந்தார். படம் அதை எங்கேயும் விளக்கிச் சொல்லவில்லை. முன்னமே அந்த வேலையைக் காட்டியிருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

இதை அதிரடி நாயகனின் படம் என்பதா, மாற்றுப் படம் என்பதா? என் தந்தைக்கு அந்தப் பிரிவினையே தெரியாது. முன்வரிசையில் விசிலடித்த ரசிகரும் அவரே, கடைசிக் காட்சியில் மணமகனோடு போய்க்கொண்டிருந்த தங்கை அண்ணனை நோக்கித் திரும்பி ஓடி வந்தபோது துண்டால் முகத்தைத் துடைத்தவரும் அவரே. ‘கைதி’யின் பிரியாணியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அடிப்பவனுடைய வாழ்க்கை நமக்குத் தெரிந்திருந்தால் அடி நிற்கும். தெரியாவிட்டால் நாற்பது பேரை அடித்தாலும் நாற்பதும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அண்மைக்கால அதிரடிப் படங்களில் நாயகனுக்கு வேலையே இருப்பதில்லை. பழைய வாழ்க்கையில் அவன் ஒரு பெரும் வீரனாக இருந்தான், இப்போது ஒளிந்து வாழ்கிறான், இடைவேளையில் அந்த ரகசியம் வெடிக்கிறது. இதைத் தவிர அவன் காலையில் எழுந்து என்ன செய்வான் என்று கேட்டால் படத்தில் பதில் கிடையாது.

பதில்: உதகையிலிருந்து, முன்பு படப்பிடிப்புக்கு ஜீப் ஓட்டியவர்

மேலே எழுதிய அண்ணன் சொன்னது எனக்கு ஏற்புடையது. ஆனால் சண்டைக் காட்சிகளை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் அவை எப்படி எடுக்கப்படுகின்றன என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கூடலூர் சாலையில் ஷூட்டிங் மட்டத்தில் ஒரு படத்துக்கு ஜீப் ஓட்டினேன். நாயகன் புல்வெளிச் சரிவில் உருண்டு விழ வேண்டிய காட்சி. அவருக்குப் பதிலாக அதே சட்டை போட்ட ஒரு ஸ்டண்ட் கலைஞர் வந்தார். முழங்காலிலும் முழங்கையிலும் காப்பு கட்டி, அதன் மேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். விழுகிற இடத்தில் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை போட்டு, படத்தில் தெரியாமலிருக்கப் புல்லை அள்ளிப் போட்டார்கள். முதல் முறை விழுந்தபோது மேகம் இறங்கிக் காட்சி வீணாயிற்று. அரை மணி நேரம் கழித்து மேகம் விலகியது, மறுபடியும் விழுந்தார். மூன்றாவது முறை மெத்தையை விட்டு விலகிப்போய்த் தரையில் விழுந்தார். எழுந்து, உதட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, சண்டைப் பயிற்சியாளரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான்காவது முறை எடுத்தது சரியாக அமைந்தது. அன்று மாலை என் ஜீப்பில் திரும்பும்போது அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, நாளைக்குக் காலையில்தான் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

அந்தப் படம் வெளிவந்தபோது ஆவலோடு போய்ப் பார்த்தேன். அந்த உருளல் திரையில் இரண்டு நொடிகூட இல்லை. சரிவின் உயரம் தெரியாதபடி நெருக்கத்தில் வெட்டி, நாயகனின் முகத்தை நான்கு முறை செருகியிருந்தார்கள். அவர் உயிரைக் கொடுத்து விழுந்ததைப் படத்தொகுப்பு மேசையில் மறைத்துவிட்டார்கள் என்று எனக்கு நெஞ்சு கசந்தது. ஆகவே கோத்தகிரி நண்பருக்கு நான் சொல்வது, சண்டை மறந்துபோனால் அதற்குச் சண்டை போட்டவர்கள் காரணமல்லர். உண்மையில் நடந்ததைப் பார்க்கவிடாமல் செய்யும் வழக்கமே காரணம்.

இந்தக் கலைக்கு உரிய மதிப்பு வெகு தாமதமாகத்தான் கிடைத்திருக்கிறது. தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டைப் பயிற்சிக்கென்று விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது 2017-இல். ‘புலிமுருகன்’ மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் அதைப் பெற்றார். பின்னர் நம் அன்பறிவ் சகோதரர்கள் ‘கேஜிஎஃப்’ படங்களுக்காக அந்த விருதைப் பெற்றார்கள். ஆஸ்கர் விருதுகளிலோ இதற்கென்று தனிப் பிரிவு வரும் என்று 2025-இல்தான் அறிவித்தார்கள். 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் அது நடைமுறைக்கு வரும். எத்தனை ஆண்டுகளாக எத்தனை பேர் விழுந்து எழுந்திருப்பார்கள்!

பகட்டாக எடுத்தால் இடம் தெரியாது என்பதும் சரியல்ல. 1998-இல் வந்த ‘தில் சே’ படத்தில் நம் மலை ரயிலின் கூரை மேல் ஆடும் பாட்டைவிடப் பகட்டானது எது? ஆனால் அதில் குகை வருவதும், வளைவில் பெட்டிகள் திரும்புவதும், கீழே பள்ளம் இருப்பதும் தெளிவாகத் தெரிகின்றன. ஆடுபவர்கள் உண்மையில் ஓடும் ரயிலின் மேல் நிற்கிறார்கள் என்பதை நம் கால்கள் உணர்கின்றன. சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவு மலையைப் பின்னணித் துணியாக ஆக்கிவிடவில்லை.

கோத்தகிரியிலிருந்து மீண்டும்

உதகை அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. அட்டைப் பெட்டியையும் மண் ஒட்டிய உதட்டையும் படித்துவிட்டு, நான் மறந்துபோன அந்த ஏழு சண்டைகளில் எத்தனை பேர் அப்படி விழுந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். என் கேள்வியின் மறுபாதிக்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாயிருக்கும். மெதுவான படங்களிலும் சில ஒட்டாமல் போவது ஏன்?

பதில்: கூடலூரிலிருந்து, பள்ளி ஆசிரியை

அந்த மறுபாதிக்கு என் அம்மாவை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்து, கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அவருக்குப் படம் வேகமானதா மெதுவானதா என்பது பொருட்டே இல்லை. மூட்டையைத் தூக்கி வரும் காட்சி எந்தப் படத்தில் வந்தாலும் நடிப்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், கழுத்தைத்தான் பார்ப்பார். “பாரம் இருந்தா கழுத்து ஆடாது, இது பஞ்சு மூட்டை” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். விருது பெற்ற ஒரு படத்திலும் அப்படி எழுந்து போயிருக்கிறார்.

லெனின் பாரதி இயக்கி 2018-இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை அவருக்கு வீட்டில் போட்டுக் காட்டினேன். ஏலக்காய் மூட்டையைத் தோளில் சுமந்து மலையேறி இறங்கும் ரங்கசாமிக்குத் துண்டு நிலம் ஒன்று வாங்க வேண்டும் என்பதுதான் கனவு. படத்தின் முதல் அரை மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. தேநீர்க் கடையில் பேச்சு, வழியில் வணக்கம், ஏற்றத்தில் மூச்சு. பக்கத்து வீட்டுப் பையன்கள் பத்து நிமிடத்தில் வெளியே போய்விட்டார்கள். அம்மா அசையவில்லை. மூட்டை சரிவில் உருண்டு ஏலக்காய் சிதறியபோது, தன் வீட்டுச் சொத்து போனதைப்போல வாயில் கையை வைத்துக்கொண்டார். அந்த ஒரு மூட்டை விழுந்ததில் எனக்குக் கிடைத்த பதற்றம், கட்டடங்கள் இடிந்து விழும் எந்தப் படத்திலும் கிடைத்ததில்லை. கடைசியில் காற்றாலைகளின் அடியில் காவல்காரனாக அவன் உட்கார்ந்திருக்க, கேமரா மேலே மேலே போகும்போது அம்மா ஒன்றும் சொல்லாமல் விளக்கைப் போட்டார்.

ஆகவே மெதுவான படம் ஒட்டாமல் போவதற்குக் காரணம், அதிரடிப் படம் ஒட்டாமல் போவதற்கான அதே காரணம்தான் என்பது என் எண்ணம். ஒருவர் சுவரைப் பார்த்து நான்கு நிமிடம் உட்கார்ந்திருப்பதைக் காட்டும் இயக்குநருக்கு அந்த மனிதரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் காட்டினால் அந்த அமைதியும் பஞ்சு மூட்டைதான். மாற்றுப் படம் என்பதற்காகவே நான் பொறுத்துக்கொண்ட படங்கள் உண்டு. இப்போது அப்படிப் பொறுத்துக்கொள்வதில்லை.

எண்ணிக்கையில் குறைந்த வன்முறைக்கு எவ்வளவு எடை இருக்கும் என்பதற்கு 2024-இல் வந்த ‘கொட்டுக்காளி’யை நான் சொல்வேன். அதுவும் வினோத்ராஜின் படம்தான். பின்னணி இசையே இல்லாதது. ஒரு பெண்ணைச் சாமியாடியிடம் அழைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஆட்டோவில் போகிறது. சூரி நடித்த பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேசவே வலிக்கிறது. வழியில் ஒலிக்கும் பாட்டை அந்தப் பெண் வாய்க்குள் முணுமுணுத்ததற்காக அவன் வெடிக்கிறான். அவளையும் உடன் வந்தவர்களையும் அடிக்கிறான். சண்டைக் காட்சி என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். ஆனால் அதைப் பார்த்தபோது என் கைகள் நடுங்கின. நூறு பேரை வெட்டிச் சாய்க்கும் படத்தில் எனக்கு ஒருபோதும் கை நடுங்கியதில்லை என்பதை எண்ணி வருந்தினேன். அதே படத்தில் ஒரு காளை வழியை மறித்துக்கொண்டு நிற்க, ஆண்கள் அத்தனை பேரும் தயங்கும்போது ஒரு சிறுமி வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். என் வகுப்பில் அந்தக் காட்சியை வாயால் சொல்லி முடித்ததும் பெண் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஒரு வேதனையையும் இங்கே சொல்ல வேண்டும். இப்படிப் பேசப்பட்ட ஒரு படத்தைத் திரையரங்கில் பார்க்க வேண்டும் என்று, மூன்று ஆசிரியைகள் சேர்ந்து விடுமுறை எடுத்துக்கொண்டு சமவெளி நகரம் ஒன்றுக்குப் போனோம். பார்வையாளர்கள் ஆறு பேர்தான் வந்திருக்கிறோம் என்று காட்சியை நிறுத்தி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் அதே நேரத்தில் வேறொரு அதிரடிப் படம் ஓடியது. அரங்கு நடத்துபவருக்கு மின்கட்டணம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. அதை நான் அறிவேன். ஆனால் வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடும் படத்துக்கு மலையிலிருந்து ஆட்கள் எப்போது வந்து சேர்வது? மாற்றுப் படங்களைக் கைபேசியில் பார்ப்பதாக நண்பர் எழுதியிருக்கிறார். அது அவருடைய விருப்பமாகத் தொடங்கியிருக்காது என்றே நினைக்கிறேன். பெரிய திரை ஒரு வகைப் படத்துக்கு மட்டுமே கிடைக்கும்போது, அமைதியான படத்தின் அமைதியை நாம் ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை என்றுதான் பொருள்.

பதில்: கொடைக்கானலிலிருந்து, வாடகைக் கார் ஓட்டுநர்

எங்கள் ஊரில் ஒரே இடத்தை இரண்டு படங்கள் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. உங்கள் பேச்சுக்கு அவை பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து சொல்லப்பட்ட பாறைப் பிளவுகள், 1991-இல் சந்தான பாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘குணா’ வந்த பிறகு குணா குகை ஆகிவிட்டன. அந்தப் படம் தீபாவளிக்கு ‘தளபதி’யோடு சேர்ந்து வெளியாயிற்று. எந்தப் படத்துக்குக் கூட்டம் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மனநிலை பிறழ்ந்த ஒருவன், தன் அபிராமி என்று அவன் நம்பும் பெண்ணைக் குகைக்குள் வைத்துக் காதலிப்பதைப் பண்டிகை நாளில் பார்க்க எல்லாரும் ஆயத்தமாக இல்லை. என் தந்தையும் அப்போது ‘தளபதி’க்குத்தான் போனார்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து 2024-இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்தது. 2006-இல் கேரளத்திலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் அதே பிளவுக்குள் விழுந்து மீட்கப்பட்ட உண்மை நிகழ்ச்சி. பாதிக்கு மேல் அடிதடிப் படத்துக்குரிய பதற்றம். ஆனால் எதிரி என்று ஒருவர்கூடக் கிடையாது. இருட்டும், மழையும், ஒரு கயிறும்தான். தொடக்கத்தில் அந்த நண்பர்கள் வடம் இழுக்கும் போட்டியில் கலந்துகொள்வதைக் காட்டுவார்கள். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருக்கும். பிற்பாதியில் ஆழத்திலிருந்து இருவரை மேலே தூக்க அதே கைகள் அதே தாளத்தில் கயிற்றை இழுக்கும்போது, ‘குணா’வில் இளையராஜா போட்ட பாட்டு எழுகிறது. நான் பார்த்த அரங்கில் அந்த இடத்தில் எழுந்த கைதட்டல் எந்த நாயகனின் அறிமுகத்துக்கும் எழுந்து நான் கேட்டதில்லை. மலையாளப் படம் என்பதையே மக்கள் மறந்திருந்தார்கள். முதலில் கையைக் காட்டி, பிறகு கயிற்றைக் கொடுத்திருக்கிறார்கள். கிளன்மார்கன் அண்ணன் சொன்ன விஞ்ச் இயக்குபவனின் கையும் இதுவும் ஒன்றுதான்.

குகையின் உட்பகுதியைப் பெரும்பாலும் அரங்கம் அமைத்துத்தான் எடுத்தார்கள். ஆனால் மேலே அந்த மர வேர்கள் தரையைப் பின்னிக் கிடப்பதையும், பிளவின் ஓரத்தில் நின்றால் அடியிலிருந்து வரும் ஈரக் குளிர் முகத்தில் அடிப்பதையும் அறிந்த எனக்கு, அது அரங்கம் என்ற எண்ணமே வரவில்லை. பெரும் பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

படம் வந்த பிறகு சீசனில் வண்டிகள் நகரவே இடமில்லாமல் போயிற்று. அந்த ஆண்டு மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி எங்கள் ஊருக்கும் உதகைக்கும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது உங்களுக்கும் தெரியும். சுற்றுலா வந்த இளைஞர்கள் பலர் என் வண்டியில் உட்கார்ந்து ‘குணா’வை முதன்முதலாகக் கைபேசியில் பார்த்தார்கள். 1991-இல் கூட்டம் குறைவாகக் கண்ட படத்துக்குப் பின்னால் வந்த ஒரு படம் ரசிகர்களைக் கொண்டுவந்து சேர்த்ததை நான் கண்ணால் பார்த்தேன். என் தந்தையும் அப்போதுதான் ‘குணா’வை முழுதாகப் பார்த்தார். முடிந்ததும், அடுத்த நாள் சவாரி இல்லாத நேரத்தில் தன்னைக் குகைப் பக்கம் அழைத்துப்போகச் சொன்னார். வேலியருகில் வெகுநேரம் நின்றார்.

கோத்தகிரியிலிருந்து, இறுதியாக

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள்களாக இந்தப் பதில்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மழைக்காலத்தில் நனைந்த கொழுந்து வரும்போது, நிறுத்த எடையிலிருந்து தண்ணீருக்கு என்று ஒரு பங்கைக் கழித்துத்தான் நாங்கள் கணக்கு எழுதுவோம். ஆசிரியை அக்காவின் தாயார் கழுத்தைப் பார்த்துப் பாரத்தைச் சொல்வதைப் படித்தபோது, நான் அன்றாடம் கொழுந்துக்குச் செய்வதைப் படத்துக்குச் செய்யத் தவறியிருக்கிறேன் என்று பட்டது. அதிரடிப் படத்தின் ஓசையையும் மெதுவான படத்தின் விருதையும் கழித்துவிட்டு மிச்சத்தை எடைபோட்டால், ‘கைதி’யும் ‘கூழாங்கல்’லும் என் கணக்கில் ஏன் அருகருகே நிற்கின்றன என்பது விளங்குகிறது.

ஓர் இடத்தில் மட்டும் வெலிங்டன் நண்பரோடு சிறிது மாறுபடுகிறேன். வேகமாக வெட்டுவதே குற்றம் என்று சொல்ல முடியாது. ‘கைதி’யிலும் வேகமான வெட்டுகள் உண்டு. லாரி எங்கே நிற்கிறது, யார் உள்ளே இருக்கிறார்கள் என்று முன்பே காட்டிவிட்டதனால் அந்த வேகத்தில் நாம் தொலைந்துபோவதில்லை. ஆனால் ஒலியைக் குறைத்துப் பார்க்கும் அவருடைய சோதனையை நேற்றிரவு செய்துபார்த்தேன். மறந்துபோன அந்தப் படத்தின் விளம்பரத் துண்டைத்தான் போட்டேன். இசை இல்லாமல் பார்த்தபோது, நாயகனுக்குப் பின்னால் ஒருவர் மாடிப் படியிலிருந்து முதுகு அடிபடும்படி விழுவது ஒரு கணம் தெரிந்தது. மூன்று முறை நிறுத்திப் பார்த்தேன். உதகை அண்ணன் சொன்ன அட்டைப் பெட்டிகள் அங்கே இருந்திருக்க இடமே இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை. மகனோடு ‘முள்ளும் மலரும்’ பார்ப்பதாக இருக்கிறேன். விஞ்ச் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. கிளன்மார்கன் அண்ணன் அனுமதித்தால், அதற்கு முன் ஒரு நாள் அவனை அழைத்துவந்து அந்தத் தண்டவாளத்தை வெளியிலிருந்தாவது காட்டிவிட்டுப் படத்தைப் போட விரும்புகிறேன்.